அறுபது நாளில் ஊரின் சட்டத்தைத் திருத்துவது எப்படி? கொடைக்கானல், உதகை முழுமைத் திட்டங்கள்: நிகழ்வு ஆய்வு

மாஸ்டர் பிளான், அதாவது முழுமைத் திட்டம், என்ற சொல் அடிபடாத டீக்கடை மலையூர்களில் கிடையாது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு விடுதிக்குச் சீல் விழுந்தாலும் அதுதான் பேச்சு. உதகை மார்க்கெட் பக்கம் ஒருவருக்குக் கட்டட அனுமதி இழுபட்டாலும் அதுதான் பேச்சு. ஆனால் அந்தத் திட்டத்தின் வரைவு, மக்கள் பார்வைக்கென்று அலுவலகத்தில் விரித்து வைக்கப்படும் இரண்டு மாதத்தில் போய்ப் பார்ப்பவர்கள் சொற்பம். பார்த்துவிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுப்பவர்கள் அதைவிடச் சொற்பம். கொடுத்தவர்களிலும், அதிகாரி ஏற்றுக்கொள்ளக்கூடிய விதத்தில் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த ஆய்வு பெரும்பாலும் அந்தக் கடைசி வகையைப் பற்றியது. ஆயிரம் கையெழுத்து கொண்ட பொதுவான மனுவைவிட, ஒரு நில அளவை எண்ணையும் ஒரு விதியையும் பிடித்துக்கொண்ட இரண்டு பக்க மனுவே திட்டத்தை அசைக்கிறது. அதற்கான காரணம் திட்டம் தயாராகும் விதத்திலேயே இருக்கிறது.

எது ஊரின் சாசனம்

அமெரிக்காவில் பல நகரங்களுக்கு, ஊரின் ஆட்சி முறையை வகுக்கும் தனித்தனிச் சாசனம் உண்டு. அதைத் திருத்துவதற்கான வழியும் அதிலேயே எழுதியிருக்கும். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரத்தில் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது 20 குடிமக்கள் கொண்ட சாசன ஆணையம் கூட வேண்டும். அவர்களில் 15 பேர் ஒரு திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டால், நகர மன்றம் என்ன நினைக்கிறது என்று கேட்காமலே அது நேராக மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். 2022-ல் அப்படித்தான் 17 பேர் ஆதரவோடு ஒரு திருத்தம் போனது. நவம்பரில் மக்கள் அதை ஏற்றார்கள். நான்கு தொகுதி, தொகுதிக்கு மூவர், மொத்தம் 12 உறுப்பினர்கள், தரவரிசை வாக்கு, அன்றாட நிர்வாகத்துக்குத் தனி அதிகாரி என்று ஊரின் ஆட்சி முறையே மாறிவிட்டது.

நம் நகராட்சிகளுக்கு அந்த வசதி இல்லை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998 எல்லா ஊருக்கும் ஒன்றுதான். 2023 ஏப்ரல் 13 முதல் புதிய விதிகளோடு அது நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஊருக்கு ஊர் வேறுபடுகிற, ஊர்க்காரரின் எழுத்துக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கிற ஆவணம் ஒன்று உண்டு. அது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 17-ஆம் பிரிவின்படி தயாராகும் முழுமைத் திட்டம். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடம் விவசாயமாகவே கிடக்க வேண்டும், எந்த வழியாகச் சாலை வரும் என்பதை அது முடிவு செய்கிறது. மலையில் நிலம் எப்படிப் பயன்படுகிறது என்பதுதான் தண்ணீர், மண்சரிவு, வாடகை, பிழைப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகவே எங்கள் கணக்கில் மலையூரின் சாசனம் இதுதான்.

இதற்கு மேலும் கீழும் வேறு அடுக்குகள் உண்டு. அடுக்கு தெரியாமல் எழுதிய மனு தவறான மேசையில் போய்ச் சேரும். 1990-ல் அமைந்த மலையிடப் பாதுகாப்புக் குழுமம், மக்கள் வாயில் ஹாக்கா, குறிப்பிட்ட மலைக் கிராமங்களில் கட்டுமானத்துக்கு முன்அனுமதி கேட்கிறது. 1993-ன் மலைநகரக் கட்டட விதிகள் உயரத்துக்கு 7 மீட்டர் என்று எல்லை வைத்தன. உதகையில் பலர் ‘மாஸ்டர் பிளான் சட்டம்’ என்று சொல்லும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் இந்த விதிகள்தான். நில உபயோக வரைபடம் அல்ல. 2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. நீலகிரியில் 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் தனி அடுக்கு. கூடலூர் பக்கம் 1969-ன் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இன்னொரு அடுக்கு. கொடைக்கானலில் 2013-ல் அறிவிக்கப்பட்ட வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. உயரம் பற்றிய குறையை நில உபயோக ஆட்சேபமாக எழுதினால், ‘இத்திட்டத்தின் வரம்புக்குள் வராது’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பட்டாப் பிரச்சினையை எழுதினாலும் அதே வரிதான்.

கொடைக்கானலில் நடந்தது

கொடைக்கானலின் முழுமைத் திட்டம் 1993-ல் ஒப்புதல் பெற்றது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திட்டத்தை மறுபரிசீலனை செய்ய இடம் தருகிறது. அரசு ஆணையிட்டால் செய்தே ஆக வேண்டும். ஆனால் கால் நூற்றாண்டுக் காலம் அப்படியொரு முழுத் திருத்தம் நடக்கவில்லை.

அதற்குள் ஊர் தன் போக்கில் வளர்ந்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் 36,501 பேர் வாழ்ந்த ஊர் அது. சீசனில் வந்துபோகிறவர்கள் அதைப் பல மடங்கு தாண்டுவார்கள். திட்ட வரைபடத்தில் குடியிருப்பு என்று வண்ணம் தீட்டிய தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாகத் தங்கும் விடுதிகளாயின. வீட்டுக்கென்று அனுமதி வாங்கிய கட்டடம், வாடகைக்கு அறை, பிறகு பலகை, பிறகு மேலே ஒரு தளம் என்று படிப்படியாக மாறியது. ஒவ்வொரு படியும் சிறியது. திட்டத்தைத் திருத்தக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்குச் சிறியது. கடைசியில் வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், 2019-ஐ ஒட்டிய காலத்தில் நூற்றுக்கணக்கான வணிகக் கட்டடங்களுக்குச் சீல் விழுந்தது. கடன் வாங்கிக் கட்டியவர், அதில் துணி துவைத்துப் பிழைத்தவர், வண்டி ஓட்டியவர் என எல்லோருக்கும் அடி. திட்டமும் ஊரும் வேறு வேறு பாதையில் கால் நூற்றாண்டு நடந்ததன் விலையைக் கடைசிப் படியில் நின்றவர்கள் கொடுத்தார்கள். இது எங்களுக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நேர்மையாக விவாதித்திருந்தால், எந்தத் தெருவில் விடுதி வரலாம், எதில் கூடாது என்பதையாவது சீலுக்கு முன்பே பேசியிருக்கலாம்.

இந்த மலைகள் எத்தனை வண்டி தாங்கும் என்ற கேள்வியிலும் இதேதான் நடந்தது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றமே எண்ணிக்கை வைத்தது. ஊர் தன் சாசனத்தில் எழுதியிருக்க வேண்டிய எண்ணை நீதிமன்றம் எழுத வேண்டிவந்தது.

நீலகிரியின் சீகூர் யானை வழித்தட வழக்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2010-ல் அரசு வழித்தடத்தை அறிவித்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை உறுதி செய்தது. ஆனால் அளவு பற்றியும் நிலத்தின் எல்லை பற்றியும் தனித்தனி நில உரிமையாளர்கள் எழுப்பிய குறைகளைக் கேட்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. ‘வழித்தடமே வேண்டாம்’ என்ற வாதம் தோற்றது. ‘என் இந்த நிலம் இந்தக் கோட்டுக்குள் வருகிறதா’ என்ற கேள்விக்குக் காது கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. முழுமைத் திட்ட ஆட்சேபத்திலும் இதே வேறுபாடுதான் வேலை செய்கிறது.

வரைவுக்கு முந்தைய கட்டம்

திட்டம் வரைவாக வெளியாகும்போது முக்கால்வாசி முடிவாகியிருக்கும். அதற்கு முன்னாலேயே ‘தற்போதைய நில உபயோக’க் கணக்கெடுப்பு நடந்துவிடும். இன்று நிலம் எப்படி இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தையும் களப் பார்வையையும் வைத்து ஒரு வரைபடம் போடுவார்கள். நாளைய வரைபடம் அதன் மேல்தான் எழும்பும். முதல் படத்தில் ஓடை விடுபட்டால் இரண்டாவதில் அது வராது.

மலையில் இந்தப் பிழை சுலபமாக நேர்கிறது. மார்ச் மாதம் களப் பணியாளர் வரும்போது ஒடுங்கிக் கிடக்கும் ஓடை, ஆட்கள் நடந்து நடந்து ஒற்றையடிப் பாதைபோலத் தெரியும். சதுப்பு காய்ந்து புல்வெளியாகத் தெரியும். சோலையின் ஓரம் யூகலிப்டஸ் தோப்போடு கலந்து ஒரே பச்சையாகத் தெரியும். வானிலிருந்து எடுத்த படத்தில் மரக்கிளை மூடிய ஓடை தெரியவே தெரியாது. ‘ஐப்பசி மாசம் வந்து பாருங்க சார்’ என்று ஊர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் கோப்புக்குள் போகாது. ஐப்பசியில் எடுத்த, தேதி பதிந்த படம் போகும். கொடைக்கானலில் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும், உதகை, கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் ஓடைகளைப் படமெடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நில அளவை எண்ணை எழுதி வைப்பதுதான் திட்டத் திருத்தத்தின் முதல் வேலை. வரைவு எந்த மாதம் வெளியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது; கோடையில் வெளியானால் மழைக்காலப் படத்துக்கு எங்கே போவது?

இந்தக் கட்டத்தில் ஊர்க்காரருக்குள்ள சட்டப்பூர்வமான மேடை பகுதி சபை. 2022-ல் வந்த விதிகளின்படி நகராட்சி வார்டுகள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுன்சிலர் தலைமையில் சபை கூட வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. பெரும்பாலும் தெருவிளக்கும் குப்பையும் பேசப்படும். அதுவும் தேவைதான். ஆனால் ‘இந்தப் பகுதியில் உள்ள ஓடைகள், ஊற்றுகள், கல்லறை, மந்தை நிலம், பொதுப்பாதை ஆகியவற்றின் பட்டியலைத் தற்போதைய நில உபயோகக் கணக்கெடுப்பில் சேர்க்கக் கோருகிறோம்’ என்று பட்டியலோடு ஒரு தீர்மானம் எழுதி, கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றி, நகலும் வாங்கிவிட்டால், பிறகு வரும் ஆட்சேப மனுவுக்கு அது முதுகெலும்பு. திட்டப் பகுதிக்குள் ஊராட்சிக் கிராமங்கள் இருந்தால் அங்கே கிராம சபை அதே வேலையைச் செய்யும்.

அறுபது நாள்

வரைவை வெளியிட அரசு 24-ஆம் பிரிவின் கீழ் இசைவு தந்தபின், 26-ஆம் பிரிவின்படி அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். எங்கே பார்க்கலாம், எந்தத் தேதிக்குள் எழுத வேண்டும் என்பது அதில் இருக்கும். அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. அது அரசிதழ் தேதியிலிருந்து ஓடுகிறது. செய்தித்தாளில் பார்த்த தேதியிலிருந்து எண்ணியதால் கடைசி வாரம் நழுவவிட்டவர்கள் உண்டு.

முதல் வாரத்தில் இரண்டு வேலை. ஒன்று, வரைபடம், அறிக்கை, வளர்ச்சி விதிமுறைகள் ஆகிய மூன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று நேரில் பார்ப்பது. வரைபடத்தை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு, விதிமுறைப் புத்தகம் ‘மேலே இருக்கிறது’ என்று சொன்னால், அதைத் தேதியோடு எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்க வேண்டும். இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் வார்டுக்கான தற்போதைய நில உபயோக வரைபடத்தின் நகல் கேட்பது. பதில் வர 30 நாள் ஆகும். முதல் வாரத்தில் போட்டால் மனு எழுத இன்னும் 20 நாளுக்கு மேல் கையில் இருக்கும். நான்காவது வாரத்தில் போட்டால் பதில் வந்தும் பயனில்லை.

வரைபடத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மூலையில் உள்ள அளவுகோல். 1:10,000 அளவில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கோடு தரையில் 5 மீட்டர். மலையில் 5 மீட்டர் என்பது ஒரு ஜீப் பாதை. ஒரு சிற்றோடை கரையோடு அடங்கிவிடும் அகலம். கோட்டின் எந்தப் பக்கம் எல்லை என்று வரைபடத்தால் சொல்ல முடியாது. நில அளவை எண் பட்டியல்தான் சொல்லும். ஆகவே வண்ணத்தை நம்பாமல் பட்டியலில் உங்கள் எண்ணைத் தேடுங்கள். வரைபடமும் பட்டியலும் முரண்பட்டால் அந்த முரண்பாடே வலுவான ஆட்சேபம்.

அடுத்தது எண். நகர எல்லைக்குள் பழைய கிராமப் புல எண் ஒன்று, நகர அளவைக்குப் பின் வந்த வார்டு, பிளாக், நகர அளவை எண் இன்னொன்று. பத்திரத்தில் பழையது இருக்கும், வரைவில் புதியது இருக்கும், அல்லது நேர்மாறாக. உட்பிரிவானால் 14 என்பது 14/1, 14/2 ஆகியிருக்கும். இரண்டு எண்ணையும் மனுவில் எழுதுங்கள். நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் இணையுங்கள். இந்த ஒரு பிழையால் மட்டும் ‘மனுதாரர் குறிப்பிடும் எண் திட்டப் பகுதியில் இல்லை’ என்ற குறிப்போடு முடிந்துபோகும் மனுக்கள் மனதை வருத்தும்.

சரிவைப் பற்றி எழுதும்போது டிகிரியையும் சதவீதத்தையும் குழப்பக் கூடாது. 30 டிகிரிச் சரிவு ஏறக்குறைய 58 சதவீதம். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் வரும். ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். இரண்டு கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஓடினால் சரிவு 40 சதவீதம், அதாவது சுமார் 22 டிகிரி. ஒரு ஸ்கேலும் கூர்மையான பென்சிலும் போதும். ‘மிகவும் செங்குத்தானது’ என்று எழுதுவதற்குப் பதில் இந்தக் கணக்கை எழுதினால் மறுப்பதற்கு அவர்களும் கணக்கு போட வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்ததையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும் கண்ட மாவட்டத்தில், சரிவுக் கணக்குக்குக் கோப்பில் மரியாதை உண்டு.

மனுவின் உடல்

சட்டம் ‘எந்த நபரும்’ ஆட்சேபிக்கலாம் என்கிறது. பட்டா தேவையில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருப்பவர், நகராட்சிக் கடையை வாடகைக்கு எடுத்தவர், மந்தில் வாழும் தோடர், ஹட்டியில் வாழும் படுகர், பழனி மலையின் பளியர், கல்லூரி மாணவர் என யாரும் எழுதலாம். ‘நிலம் உன்னுடையதா’ என்ற கேள்விக்கு இந்தக் கட்டத்தில் இடமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒதுங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். திட்டத்தால் முதலில் பாதிக்கப்படுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

மாதிரிக்காக ஒரு கற்பனை எண்ணை வைத்து எழுதிக் காட்டுகிறோம்:

பொருள்: முழுமைத் திட்ட வரைவு – நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26 – ஆட்சேபம் – நகர அளவை வார்டு இ, பிளாக் 9, எண் 14/2 (பழைய புல எண் 203) – கலப்புக் குடியிருப்பு என வகைப்படுத்தியதை மாற்றவும், நேரில் கேட்கவும் கோருதல் – தொடர்பாக.

‘மேற்படி எண்ணின் வடக்கு எல்லையில் ஓடைப் புறம்போக்கு உள்ளது (இணைப்பு 1: பதிவேட்டு நகல்). வரைவு வரைபடத்தில் இந்த ஓடை காட்டப்படவில்லை (இணைப்பு 2: வரைவின் பகுதி நகல், வட்டமிட்டது). நவம்பர் மாத நீரோட்டத்தின் படம் இணைப்பு 3. நிலத்தின் சரிவு 40 சதவீதம் (இணைப்பு 4: கணக்கீடு). கலப்புக் குடியிருப்பில் வணிகக் கட்டடம் அனுமதிக்கப்படுவதால் ஓடையின் போக்கு அடைபட்டு, கீழே உள்ள 22 வீடுகளுக்கு வெள்ள ஆபத்து நேரும். எனவே (அ) ஓடையை வரைபடத்தில் சேர்க்கவும், (ஆ) எண் 14/2-ஐ விவசாய உபயோகமாகவே வைக்கவும் கோருகிறேன். நேரில் விளக்க வாய்ப்பு அளிக்க வேண்டுகிறேன்.’

இவ்வளவுதான். ஒரு மனுவில் ஓர் இடம், ஒரு கோரிக்கை, அதிகம் போனால் இரண்டு. ஐந்து இடம் இருந்தால் ஐந்து மனு. ஏனென்றால் அலுவலகத்தில் இந்த மனுக்களை ஓர் அட்டவணையில் ஏற்றுவார்கள்: வரிசை எண், பெயர், நில அளவை எண், ஆட்சேபத்தின் சுருக்கம், திட்டத்தைத் தயாரிக்கும் உள்ளூர்த் திட்டக் குழுமத்தின் குறிப்பு. அந்தக் கட்டங்களை உங்கள் மனுவே நிரப்பிக் கொடுத்தால் எழுத்தர் அதை அப்படியே ஏற்றுவார். பத்துப் பக்கத்தில் ஊரின் வரலாறு, சுற்றுச்சூழல், ஊழல் எல்லாம் எழுதியிருந்தால் சுருக்கத்தில் ‘திட்டத்தைக் கைவிடக் கோருகிறார்’ என்று விழும். நகலெடுத்து ஆயிரம் பேர் கையெழுத்திட்ட மனுவும் அதே ஒரு வரிசை எண்ணில் அடங்கும். கையெழுத்து இயக்கத்தைக் குறைசொல்லவில்லை. கவுன்சிலரின் கவனத்தைத் திருப்ப அது உதவும். அட்டவணையில் மட்டும் அது ஒரு வரிதான்.

இரண்டாவது வகை மனு விதிமுறையின் வாசகத்தைப் பற்றியது. இதை எழுதுபவர்கள் அரிது. பலன் மட்டும் பெரிது. ஒரு நிலத்தின் வண்ணத்தை மாற்றினால் ஒரு நிலம் தப்பும்; குடியிருப்பில் என்னென்ன அனுமதி என்ற பட்டியலில் ஒரு சொல் மாறினால் ஊரே மாறும். உதாரணமாக, குடியிருப்பில் ‘தங்கும் இல்லங்கள்’ அனுமதி என்று வரைவில் இருந்தால், ஹோம்ஸ்டேயும் நாற்பது அறை லாட்ஜும் அதே சொல்லுக்குள் வந்துவிடும். ‘உரிமையாளர் அதே கட்டடத்தில் குடியிருக்கும், இத்தனை அறைக்கு மிகாத இல்லங்கள்’ என்று மாற்று வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். ‘இதைத் தடை செய்க’ என்று மட்டும் சொன்னால் அதைச் சட்ட வாசகமாக்கும் வேலை வேறொருவர் கைக்குப் போகும். பிறகு வரும் வாசகம் உங்களுடையதாக இருக்காது. வளர்ச்சி விதிமுறைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் பிரதி கேட்டும் ஒரு மனு போட வேண்டும். படிக்க முடியாத விதிக்கு எப்படி ஆட்சேபம் எழுதுவது?

மனுவை அறிவிப்பில் சொன்ன அலுவலருக்கே கொடுக்க வேண்டும். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்தால் அது அங்கிருந்து இங்கே வந்துசேர வாரங்கள் ஆகும். அறுபதாம் நாள் காத்திருக்காது. நேரில் கொடுத்து முத்திரையும் தேதியும் வாங்குவது சிறந்தது. தபாலில் அனுப்பினால் ஒப்புகை கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் முதல் பழைய பதிவுத் தபால் அதோடு இணைந்துவிட்டது. ஒரு நகல் சென்னையிலுள்ள நகர் ஊரமைப்பு இயக்குநருக்கு.

நேரில் கேட்பது

26-ஆம் பிரிவு, கேட்கப்பட வேண்டும் என்று வேண்டியவர்களுக்குத்தான் வாய்ப்பளிக்கச் சொல்கிறது. மனுவின் கடைசி வரியில் அந்தக் கோரிக்கை இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள். சட்டப்படி அது தவறும் இல்லை. நல்ல மனுக்கள் தோற்கும் இடங்களில் இதுதான் எளிதில் தவிர்க்கக்கூடியது.

கூப்பிட்டால் ஒருவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பேச்சைவிட மேசையில் விரிக்கும் காகிதம் பேசும். பதிவேட்டு நகல் மேலே, வரைவின் பகுதி நடுவில், படம் கீழே, மூன்றிலும் ஓடை ஒரே நிறப் பென்சிலில். அதிகாரி ‘ஆய்வு செய்கிறோம்’ என்றால், எந்தத் தேதியில் இடத்தைப் பார்ப்பார்கள் என்று கேட்டுக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பும் வருவார்கள், தன் நிலத்தை வணிகமாக மாற்றக் கேட்கும் பக்கத்து நில உரிமையாளரும் குடிமகன்தான், அவருக்கும் இதே உரிமை உண்டு. வரைவு ஆட்சேபங்களில் பெருந்தொகை ‘என் நிலத்தை விவசாயத்திலிருந்து விடுவியுங்கள்’ என்பதாக இருப்பது இயல்பு. ஓடைக்காகவும் பொதுப்பாதைக்காகவும் பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவாகவே இருப்பார்கள். அதனால்தான் அவர்களின் காகிதம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம். உதகைக்குக் குடிநீர் தரும் மார்லிமந்து, கோரிசோலை, டைகர் ஹில்லுக்கும், குன்னூரின் ரேலியா அணைக்கும், கொடைக்கானலின் மனோரத்தினம் சோலை அணைக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதிதான் உயிர். அந்தச் சரிவுகளில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருவராவது எழுத வேண்டும்.

அதன் பிறகு

கேட்டு முடித்தபின் திட்டம் இயக்குநர் வழியாக அரசுக்குப் போகும். 28-ஆம் பிரிவில் அரசு அப்படியே ஒப்பலாம், திருத்தி ஒப்பலாம், திருப்பியும் அனுப்பலாம். சட்டத்தின் பலவீனமான கண்ணி இதுதான். அரசு மட்டத்தில் சேரும் திருத்தம் மக்கள் கண்ணுக்கு மறுபடி வராமலே இறுதியாகிவிடலாம். குழுமத்தின் பரிந்துரை அட்டவணையைத் தகவல் உரிமையில் வாங்கி வைத்திருந்தால்தான், உங்கள் ஆட்சேபம் கீழே ஏற்கப்பட்டு மேலே விடுபட்டதா, கீழேயே தள்ளப்பட்டதா என்று தெரியும். 30-ஆம் பிரிவில் ஒப்புதல் அறிவிப்பு வந்தபின், வரைவையும் இறுதியையும் எண் எண்ணாக ஒப்பிடுங்கள்.

நீதிமன்றம் போக நேர்ந்தால், கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை, நீலகிரிக்குச் சென்னை. நீர்நிலை, வனம் போன்றவை தொடர்பானால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் உண்டு; அங்கே பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நீதிபதி முதலில் கேட்பது ‘ஆட்சேப காலத்தில் என்ன செய்தீர்கள்’ என்பதாகத்தான் இருக்கும். முத்திரை விழுந்த நகல் அதற்குப் பதில்.

பூங்கா, சாலை, பள்ளி என்று உங்கள் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் இன்னொரு தேதியும் உண்டு. 38-ஆம் பிரிவின்படி, 26-ஆம் பிரிவு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான அறிவிப்பு வராமலும், உடன்படிக்கையில் வாங்காமலும் இருந்தால், ஒதுக்கீட்டிலிருந்து அந்த நிலம் விடுபட்டதாகக் கருதப்படும். பூங்காவோ பொதுப்பாதையோ வேண்டும் என்று கேட்டுப் பெற்ற தெருக்காரர்களுக்கும் அதே மூன்றாண்டுதான் அவகாசம். அந்த நிலத்துக்கு நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்பட்டதா என்று முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு பகுதி சபையிலும் கேட்டுக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் பணம் இல்லையென்றால், பன்னிரண்டு மாதம் மிச்சம் இருக்கும்போதே நகர மன்றத் தீர்மானத்துக்கு மனு கொடுக்க வேண்டும்.